நெட்ஹேக் 3.6: தூசியில் எழுதும் ஒரு சொல் எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

நெட்ஹேக் என்ற நிலவறைக் கணினி விளையாட்டில் உயிர் ஒன்றுதான். செத்தால் ஆட்டம் முடிந்தது. சேமித்து வைத்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. அதனாலேயே இந்த விளையாட்டில் தற்காப்புக் கருவிகள் ஒவ்வொன்றையும் தனியாக எடைபோட வேண்டியிருக்கிறது. அவற்றில் மிக மலிவானது, ஆட்டத்தின் முதல் முறையிலிருந்தே (ஒரு செயலுக்கு ஆகும் நேரமே ஒரு முறை) எல்லோரிடமும் இருப்பது, எல்பெரெத் என்ற பொறிப்பு. கையில் ஒரு பொருளும் வேண்டாம். விரலால் தரைத் தூசியில் அந்தப் பெயரை எழுதி அதன் மேல் நின்றால், பெரும்பாலான எதிரிகள் கிட்டே வந்து அடிக்கத் துணியாமல் ஓடுவார்கள்.

1987இல் முதல் பதிப்பு வந்த இந்த இலவச விளையாட்டு இன்றும் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. இங்கே மதிப்பிடுவது 3.6 வரிசையை, அதில் 3.6.7 பிப்ரவரி 2023இல் வந்தது. பதிப்பை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. 2003இல் வந்த 3.4.3 நீண்ட காலம் அசையாமல் நின்றது; அதற்காக எழுதப்பட்ட அறிவுரைகள்தான் இணையம் முழுக்கக் கிடக்கின்றன. 2015இல் வந்த 3.6.0 இந்தப் பொறிப்பின் விதிகளை அடியோடு மாற்றியது. பழைய குறிப்பைப் படித்துவிட்டுப் புதிய பதிப்பில் இறங்குபவர் ஆரம்ப நிலைகளில் வரும் படையெறும்புக்கு இரையாவது நிச்சயம். எந்தப் பதிப்பில் ஆடுகிறோம் என்று தெரியாவிட்டால் ஆட்டத்துக்குள் சின்ன 'வி' விசையை அழுத்துங்கள், திரையில் காட்டும்.

எங்கள் தீர்ப்பு: பொறிப்பு பலவீனமாகிவிட்டது, விளையாட்டு மேம்பட்டுவிட்டது. 3.4.3இல் அது ஒரு கோட்டை. மந்திரக்கோலால் தரையில் எரித்து எழுதிவிட்டு, அதன் மேல் அசையாமல் நின்று கத்திகளை எறிந்துகொண்டே இருந்தால், பாதி நிலவறையைச் சலிப்போடு சுத்தம் செய்துவிடலாம். 3.6இல் அது மூச்சுவாங்கிக்கொள்ளக் கிடைக்கும் சில நொடிகள் மட்டுமே. அந்தச் சில நொடிகளை என்ன செய்வது என்று யோசிக்க வைக்கிறது. அதுதான் இந்த விளையாட்டின் உயிர்.

எழுதும் முறையைப் பார்ப்போம். சொல்லின் ஆங்கில எழுத்துகள் எட்டு: ஈ, எல், பி, ஈ, ஆர், ஈ, டி, ஹெச். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பொருட்டில்லை. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஈ விசையைத் தட்டினால், எதைக் கொண்டு எழுதப்போகிறாய் என்று கேட்கும். விரலுக்குச் சிறுகோடு (-). அந்தக் கட்டத்தில் ஏற்கெனவே ஏதாவது எழுதியிருந்தால், அதோடு சேர்த்து எழுதவா என்று ஒரு கேள்வி வரும். இதற்கு எப்போதும் 'என்', அதாவது வேண்டாம். 3.4.3இல் சொல்லை இரண்டு மூன்று முறை ஒட்டி எழுதுவது நல்ல உத்தி. ஒன்று சிதைந்தாலும் இன்னொன்று நிற்கும். 3.6இல் அந்தக் கட்டத்தில் இந்தச் சொல் மட்டும்தான் இருக்க வேண்டும். முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு எழுத்து கூடினாலும் பொறிப்பு செத்த எழுத்து. பழக்கதோஷத்தில் 'ஒய்' தட்டுபவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு சொல்லைத் தட்டச்சு செய்து என்டர். இவ்வளவுக்கும் ஆட்டக் கணக்கில் ஒரே ஒரு முறைதான் செலவு.

அடுத்த படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதியவுடன் முக்காற்புள்ளி (:) விசையை அழுத்தி, காலடியில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். இதற்கு முறை எதுவும் செலவாகாது. தூசியில் எழுதும்போது ஒவ்வொரு எழுத்தும் 25இல் ஒரு பங்கு வாய்ப்பில் தப்பாக விழும். எட்டு எழுத்தும் சரியாக விழ வாய்ப்பு சுமார் 72 சதவீதம். அதாவது நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட பொறிப்புகள் பிறக்கும்போதே ஊனம். கண் தெரியாத நிலையில் எழுதினால் ஒவ்வொரு எழுத்துக்கும் கூடுதலாக 11இல் ஒரு பங்கு ஆபத்து சேரும். மொத்த வாய்ப்பு 34 சதவீதத்துக்கு இறங்கும். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எழுத்துக்கு மூன்றில் ஒன்று தவறும். அப்போது முழுச் சொல்லும் சரியாக வர வாய்ப்பு மூன்று சதவீதம்கூட இல்லை. கையைத் துடைக்காமல் எழுத உட்காராதீர்கள்.

படிக்கும்போது ஓரக்கண்ணால் பார்த்தால் போதாது. பொறிப்பு தேயும்போது எழுத்துகள் ஒத்த உருவம் கொண்டவையாக மாறுகின்றன: பெரிய ஈ, எஃப் அல்லது எல் ஆகும், சின்ன ஈ, சி ஆகும், ஹெச், என் ஆகும், எல்லும் பியும் வெறும் நேர்கோடாகும். அவசரத்தில் மூளை தானாகத் திருத்திப் படித்துவிடும். ஒவ்வொரு எழுத்தாக எண்ணுங்கள்.

சரியாக எழுதியாயிற்று. இனி அது எப்படி அழிகிறது என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு முறை ஒரு எதிரி அதைக் கண்டு அஞ்சும்போதும், ஏழில் ஒரு பங்கு வாய்ப்பில் பொறிப்பு அழிந்துவிடும். இந்த ஒற்றை விதி எங்கே நின்று எழுதுவது என்பதையே தீர்மானிக்கிறது. திறந்த அறையின் நடுவில் எட்டுப் பக்கமும் எதிரி நின்று எட்டும் ஒருமுறை அஞ்சினால், பொறிப்பு அந்தச் சுற்றைத் தாண்ட வாய்ப்பு 29 சதவீதம். குறுகிய நடைபாதையில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்றால் 73 சதவீதம். ஆகவே முதலில் நடைபாதைக்கு நகருங்கள், பிறகு எழுதுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: நடைபாதையின் நேர்கோட்டில் வில்லோ மந்திரக்கோலோ வைத்திருக்கும் எதிரி இருந்தால் அதே இடம் உங்களுக்குக் கொலைக்களம். பொறிப்பு கைகலப்பை மட்டுமே தடுக்கும். அம்பு, எறிகத்தி, நெருப்பு மூச்சு, மந்திரம், பார்வைத் தாக்குதல் எதையும் தடுக்காது.

இரண்டாவது, நீங்களே அதை அழிப்பது. பொறிப்பின் மேல் நின்றுகொண்டு வாளால் வெட்டினாலும், அம்பு எய்தாலும், எதிரி மேல் மந்திரமோ மந்திரக்கோலோ ஏவினாலும் எழுத்து மறைந்துவிடும். பாசாங்கு செய்ததாக உணர்கிறாய் என்ற பொருளில் ஒரு செய்தி வரும், உங்கள் நடத்தையை ஆட்டம் அளக்கும் நெறிக்கணக்கிலும் குறையும். தீயால் எரித்து எழுதிய பொறிப்புக்கும் இதே கதி. இதைக் கடுமை என்று சிலர் குறைசொல்கிறார்கள். எங்களுக்கு இது 3.6இன் மிகச் சிறந்த முடிவாகப் படுகிறது. அடைக்கலத்தில் நின்றுகொண்டு ஆளைக் கொல்லலாம் என்றிருந்தபோது ஆட்டத்தில் பயமே இல்லாமல் போயிருந்தது.

மூன்றாவது, தேய்மானம். அந்தக் கட்டத்தைவிட்டு நடந்தாலோ அடி வாங்கினாலோ தூசி கலையும். ஒருமுறை எழுதிய இடத்துக்குத் திரும்பி ஓடிவந்து நிற்பது நம்பிக்கையான திட்டமல்ல; வந்ததும் படித்துப் பாருங்கள், சந்தேகமென்றால் அழித்துப் புதிதாக எழுதுங்கள். இன்னொன்று, 3.6இல் நீங்கள் அதன் மேல் நிற்கும்போது மட்டுமே அது வேலை செய்யும். புதையல் குவியலுக்குக் காவலாக எழுதி வைப்பதெல்லாம் பழங்கதை.

அஞ்சாதவர்கள் யார் என்பதை மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். திரையில் எதிரிகள் எழுத்துக்குறிகளாகத்தான் தெரிவார்கள். அவர்களில் @ குறியில் தெரியும் எல்லோரும்: மனிதர்கள், படைவீரர்கள், நகரக் காவலர்கள், மெடூசா, யெண்டோர் மந்திரவாதி. எல்ஃப்களும் இந்த விளையாட்டில் அதே @ குறிதான். டோல்கீன் கதைகளில் அந்தப் பெயரை வணங்கும் இனமே அதற்கு அஞ்சாதது பொருத்தமாகவே இருக்கிறது. மனித உருவில் இருக்கும் ஓநாய் மனிதன் அஞ்சமாட்டான், ஓநாயாக மாறிவிட்டால் அஞ்சுவான். கடைக்காரர்கள், பெட்டக அறைக் காவலர்கள், மினோட்டார்கள், கண் தெரியாத எதிரிகள், தேவதூதர்கள், கடைசிக் கட்டத்தில் வரும் மூன்று குதிரைவீரர்கள் யாரும் அசைய மாட்டார்கள். படைமுகாம் ஒன்றைத் தவறுதலாகத் திறந்துவிட்டு, தரையில் எழுத உட்கார்வது ஒரு முறையை வீணாக்குவதுதான். அங்கே ஓட்டமே வழி.

மறுபக்கம், ஆரம்ப நிலைகளில் ஆளைக் கொல்வதில் பெயர்பெற்ற படையெறும்பு இதற்கு முழுமையாகக் கட்டுப்படும். அதன் வேகம் 18, உங்கள் சாதாரண வேகம் 12. கடி, நச்சுக்கொட்டு இரண்டும் பட்டால் சராசரியாக 12 உயிர்ப்புள்ளிக்கு மேல் போகும், அதுவும் இரண்டு முறைக்கு மூன்று தடவை. ஓடித் தப்ப முடியாத எதிரி இது. இதற்கெதிராகத்தான் பொறிப்பு தன் விலையைக் காட்டுகிறது. மேட்டாக் என்ற பெரிய மண்கொத்தி ஏந்திய குள்ளன், தொட்டால் கல்லாக்கும் காக்கட்ரைஸ், நாய்க்கூட்டம் ஆகியவையும் அப்படியே.

எப்போது எழுதுவது? உயிர்ப்புள்ளி மூன்றில் ஒரு பங்காக இறங்கும்போது. ஏழில் ஒரு பங்குக்குக் கீழோ ஆறுக்குக் கீழோ போய்விட்டால், அது கடவுளிடம் வேண்டிக்கொள்ளும் நேரம். வேண்டுதல் முழுதாகக் குணமாக்கும், பொறிப்பு குணமாக்காது. ஒருமுறை வேண்டிய பிறகு சுமார் 1,000 முறைகள் கழிந்தால்தான் மறுபடி வேண்டுவது பாதுகாப்பு. அந்த இடைவெளியில்தான் எல்பெரெத்துக்கு உண்மையான வேலை. 28 சதவீதம் தோல்வி வாய்ப்பு இருக்கும்போது, இன்னும் ஒரு அடி வாங்கினால் சாவு என்ற நிலையில் முதல் முறையாக எழுதுவது தாமதம். எழுத்து தப்பாக விழுந்தால் திருத்தி எழுத இன்னொரு முறை தாங்கும் அளவு உயிர் மிச்சம் இருக்க வேண்டும்.

எழுதி நின்ற பிறகு செய்யக்கூடியவை பல: குணமாக்கும் மருந்தைக் குடிக்கலாம், இடம்பெயர்க்கும் சுருளைப் படிக்கலாம், கவசம் மாட்டலாம், சாப்பிடலாம். செல்லப்பிராணி உங்களுக்காகச் சண்டையிடலாம்; அதற்குப் பொறிப்பால் தடையில்லை. சும்மா காத்திருந்து உயிர் ஏற்றிக்கொள்வது மட்டும் கீழ்நிலை ஆட்டக்காரருக்கு உதவாது. உயிர் ஏறும் வேகம் மெதுவானது, பொறிப்பு அதற்குள் போய்விடும். நின்றால், நான்கைந்து முறைக்கு ஒருமுறை முக்காற்புள்ளியால் சரிபாருங்கள். ஓட இடமில்லாமல் மூலையில் சிக்கிய எதிரி அஞ்சிய நிலையிலும் திருப்பிக் கடிக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதற்குப் போக வழிவிட்டு நில்லுங்கள்.

எழுத முடியாத இடங்களும் உண்டு. மாடிப்படி, ஏணி, நீரூற்று இவற்றின் மேல் எழுத முடியாது. மிதக்கும் நிலையில் தரை எட்டாது. எதிரி உங்களை விழுங்கியிருந்தாலும் வழியில்லை. படியின் மேலேயே நிற்கிறீர்கள் என்றால் எழுதுவதைப் பற்றி யோசிக்காமல் ஏறிவிடுங்கள். ஒட்டி நிற்கும் எதிரிகள் மட்டுமே பின்தொடர்வார்கள்.

விரலைவிட நல்ல கருவி வேண்டும் என்று ஆயுதத்தால் செதுக்கப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். கூரான ஆயுதம் இரண்டு எழுத்துக்கு அதன் தர எண்ணில் (+1, +0, -1 போன்றது) ஒரு புள்ளி வீதம் மழுங்கும். மைனஸ் 3க்கு மேல் மழுங்காது. கணக்குப்படி +0 கத்தியால் அதிகபட்சம் ஏழு எழுத்துதான் ஒரே மூச்சில் செதுக்க முடியும். சொல்லுக்கோ எட்டு எழுத்து! இது தற்செயல் இல்லை: +0 ஆயுதத்தால் இந்தச் சொல்லை ஒரேயடியாகச் செதுக்க முடியாது என்று மூல நிரலிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். +1 இருந்தால் முடியும், ஆனால் முடியும்போது கத்தி மைனஸ் 3 ஆகியிருக்கும், எட்டு முறை செயலற்று நிற்கவும் வேண்டும். எதிரி பக்கத்தில் இருக்கும்போது இதைத் தொடவே கூடாது. அதமே என்ற சடங்குக் கத்தி மட்டும் விதிவிலக்கு. சாபமில்லாததாக இருந்தால் மழுங்காமல், தாமதமில்லாமல் செதுக்கும். கிடைத்தால் விடாதீர்கள்.

தீ மந்திரக்கோலும் மின்னல் மந்திரக்கோலும் எரித்து எழுதும். எழுத்துப் பிழை விழாது, காலாலும் அடியாலும் கலையாது. பனிக்கட்டித் தரையில் மட்டும் கலையும். மின்னல் கோல் எழுதும்போது கண்ணைப் பறித்துவிடும் என்பதால் எதிரி நடுவில் அது இரண்டாம் தேர்வே. தோண்டும் கோல் தரையைச் செதுக்கும். அதுவும் கலைவது அரிது. இம்மூன்றும் புதிதாகக் கிடைக்கும்போது நான்கு முதல் எட்டு மின்னூட்டம் கொண்டவை, ஒரு பொறிப்புக்கு ஒன்று செலவு. 3.4.3 காலத்தில் அந்தச் செலவு கண்ணை மூடிக்கொண்டு செய்யத் தக்கது. இப்போது ஒரு அம்பு எய்தாலே எரித்த எழுத்தும் மறையும் என்பதால், தீக்கோலை எதிரி மேல் நேராக ஏவுவதே பல சமயம் லாபம். ஆனால் பெயர் தெரியாத எந்தக் கோலையும் முதலில் எழுதிப் பார்த்தே கண்டுபிடியுங்கள். தீ, மின்னல், தோண்டல் மூன்றும் எழுதும்போதே தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பொறிப்புக்குப் போட்டியாக இந்த விளையாட்டிலேயே ஒரு பொருள் இருக்கிறது: அச்சுறுத்தும் சுருள். அதைப் படிக்காமல் தரையில் போட்டு அதன் மேல் நிற்க வேண்டும். நீங்கள் சண்டையிட்டாலும் அது அழியாது, 3.6இல் மினோட்டாரையும் சாதாரண @ மனிதர்களையும்கூடத் தடுக்கும். தரம் என்று பார்த்தால் எல்பெரெத்தைவிட எல்லா வகையிலும் மேல். குறை, எடுக்கும்போது தூளாகிவிடுவது: சாபமிட்டது உடனே தூளாகும், சாதாரணமானது முதல் தடவை கைக்கு வரும், இரண்டாம் தடவை எடுத்தால் தூள். எனவே ஒருமுறை எடுத்ததை எங்கே போடுவது என்று தீர்மானித்துவிட்டுத்தான் போட வேண்டும். கடையில் அடிப்படை விலை 100. அதே விலையில் தீ, இடம்பெயர்ப்பு, கவச அழிப்பு போன்ற சுருள்களும் இருப்பதால் விலையை மட்டும் வைத்து அடையாளம் காண முடியாது.

கற்றுக்கொடுக்கும் விதத்தில்தான் நெட்ஹேக்குக்கு மதிப்பெண் குறைகிறது. கையேட்டில் பொறிப்புக் கட்டளைக்குக் கீழே ஒரே வாக்கியம்: இதை எழுதினால் பெரும்பாலான எதிரிகள் கைகலக்கமாட்டார்கள், நீங்கள் தாக்கினால் அழியும் என்று. விதிவிலக்குகளைப் பற்றியோ தப்பாக விழும் எழுத்தைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. ஆட்டத்துக்குள் ஐந்தாவது முதல் ஒன்பதாவது நிலைக்குள் இருக்கும் டெல்ஃபியின் குறிசொல்பவளிடம் பெரிய குறி கேட்டால், அவள் சொல்லக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. அதற்குக் கட்டணம் 500 பொற்காசு, அதோடு உங்கள் அனுபவ நிலை ஒன்றுக்கு 50 வீதம். எந்தக் குறி வரும் என்பது அதிர்ஷ்டம். சில சமயம் தரையில் யாரோ எழுதி வைத்தது போல இந்தச் சொல்லே தென்படும். அதன் பொருள் தெரியாதவர் மிதித்துக் கலைத்துவிட்டுப் போவார். உயிரைக் காக்கும் முதன்மைக் கருவியை இவ்வளவு மறைவாக வைத்திருக்கத் தேவையில்லை. முழு இடைமுகமும் ஆங்கிலத்தில் மட்டுமே என்பதால், சொல்லை எழுத்துப் பிழையின்றித் தட்டச்சு செய்வதும் புதியவருக்கு ஒரு சுமை. எறும்பு வருவதற்கு முன், வெறும் அறையில் விரல் பழகும்வரை எழுதிப் பாருங்கள்.

விண்டோஸ், லினக்ஸ், மேக் எல்லாவற்றிலும் ஓடும், காசு கிடையாது. டெபியன் வகை லினக்ஸில் தொகுப்பு மேலாளர் வழியாக ஒரே கட்டளையில் நிறுவிவிடலாம். முதல் பத்து நிலைகளைக் கடக்கத் திணறும் ஆட்டக்காரருக்கு, 3.6இன் எல்பெரெத்தைச் சரியாகக் கற்றுக்கொள்வதைவிடப் பலன்தரும் முதலீடு வேறில்லை. நடு ஆட்டத்தில் படைவீரர்களும் தூரத் தாக்குதல்களும் பெருகும்போது அதன் மதிப்பு படிப்படியாகக் குறையும். மரணப் பள்ளத்தாக்கில் தொடங்கும் கெஹென்னோம் என்ற நரகத்துக்குள் இறங்கினால் அது அறவே வேலை செய்யாது. இறுதித் தளங்களிலும் அப்படியே. ஆகவே கீழே இறங்குமுன் தீக்கோலில் மிச்சமிருக்கும் மின்னூட்டத்தைப் பொறிப்புக்கென்று ஒதுக்கி வைக்காதீர்கள், அச்சுறுத்தும் சுருள் ஒன்றிருந்தால் அதைப் பையிலேயே விட்டு எடுத்துப் போங்கள்.